மருந்து ஊற்றிய செடி

என் கணவரின் கம்பெனி ஐம்பது தாண்டியவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பத் தொடங்கிய வருடத்தில் அவருடைய முறையும் வந்தது. கோட்டூர்புரத்தில், ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் இருக்கிறோம். நான் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் கிளம்பும்போது அவர் ஹாலில் நின்றுகொண்டிருப்பார். சாயங்காலம் திரும்பி வரும்போதும் ஹாலில் நின்றுகொண்டிருப்பார். டீவியைப் போடுவார், அணைப்பார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு எதையும் எடுக்காமல் மூடுவார். உட்கார்ந்தால் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம் சோஃபா வழியாக எனக்கும் வந்து சேரும். நானும் எழுந்துபோய் எதையாவது துடைக்க ஆரம்பிப்பேன்.

அதனால் அவர் மொட்டைமாடியில் தோட்டம் போடப்போகிறேன் என்றபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் குழித்தட்டுகள் வந்தன. தேங்காய் நார்த்தூள் மூட்டை வந்தது. கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளைக் குழிக்கு ஒன்றாக அழுத்தி வைத்துவிட்டு, முளைத்ததா என்று மணிக்கொரு தரம் மேலே போய்ப் பார்த்தார். முளைத்தது. அவர் முகத்தில் அத்தனை மாதங்களில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம்.

பிறகு வெள்ளை ஈ வந்தது. நாற்றின் மேல் கை பட்டால் போதும், இலைக்கு அடியிலிருந்து சாம்பல் பறப்பதுபோல் குபீரென்று கிளம்பும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் போய் உட்காரும். தட்டிலிருந்து பைக்கு மாற்றி நட்ட சில நாட்களிலேயே தக்காளியின் இலைகள் உள்ளே சுருண்டு, மூடிய விரல்கள் மாதிரி ஆகிவிடும். அதோடு சரி, வளர்ச்சி நின்றுவிடும். வேப்பெண்ணெய் அடித்தார். பூண்டும் பச்சைமிளகாயும் அரைத்து வடிகட்டி அடித்தார், கீழ்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டார். அட்டை நிறைய ஈ ஒட்டியது, செடி நிறைய ஈ மிச்சமிருந்தது. முதல் தடவை போனது, இரண்டாவது தடவை போனது, மூன்றாவது தடவையும் போனது. மூன்றாவது தடவை சுருண்ட செடிகளை வேரோடு பிடுங்கிக் குப்பைப் பையில் போடும்போது அவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். செடியையா, ஈயையா, கம்பெனியையா என்று நான் கேட்கவில்லை.

விதையும் உரமும் விற்கிற ஒரு கடையில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்குள் நுழையும்போதே பேசிக்கொண்டுதான் வந்தார்.

"நட்டதுக்கு அப்புறம் அடிச்சு ஒண்ணும் பிரயோஜனம் இல்லையாம். நாத்தா இருக்கும்போதே வேருக்குக் குடுத்துடணுமாம். நடறதுக்கு முந்தின நாள் தட்டுல ஊத்திட்டா வேர் அதைக் குடிச்சிடும், இலை வரைக்கும் போயிடும். அப்புறம் ஈ வந்து உறிஞ்சினா அத்தோட முடிஞ்சுது."

"நாமதானே அதைச் சாப்பிடப்போறோம்?"

"காய்க்கறதுக்குள்ள வீரியம் போயிடுமாம். நாத்துப் பருவத்துல மட்டும்தான்."

"போயிடும்னு யாரு சொன்னா?"

"கடைக்காரர்."

"அவர்தானே விக்கறார்?"

அவர் வாங்கி வந்திருந்த சின்ன பாட்டிலைத் திருப்பித் திருப்பி லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார். எழுத்து அவ்வளவு பொடிசு, மொபைலில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை அதைச் செய்து முடித்தார். கையுறை, முகக்கவசம், மில்லி கணக்குப் பார்க்க ஊசியில்லாத சிரிஞ்சு என்று எல்லாவற்றையும் முறையாகத்தான் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாளி தண்ணீரில் கலந்து ஒவ்வொரு குழியிலும் வேர் நனைய ஊற்றினார். நாற்றுகள் எல்லாம் குடித்த பிறகும் வாளியில் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. மாடியின் வடிகால்குழாய் நேராக மழைநீர்க் கால்வாய்க்குப் போகும், கால்வாய் ஆற்றுக்குப் போகும். நீர்நிலைகளில் கலக்கக்கூடாது என்று லேபிளில் போட்டிருந்தது. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவது என்று ரொம்ப நேரம் நின்றாராம். மூலையில் விரிசல் விட்ட ஒரு சிமென்ட் தொட்டி. அதில் பறவை போட்ட எச்சத்தில் ஏதோ தானாக முளைத்துப் புதராக நின்றது. களைதானே என்று நினைத்து அதில் ஊற்றிவிட்டார்.

அது மணத்தக்காளி. அவருக்குக் கத்தரி நாற்றைத் தெரியும், மிளகாய் நாற்றைத் தெரியும், மணத்தக்காளியைத் தெரியாது. சந்தையில் கட்டாகப் பார்த்திருக்கிறாரே தவிர, செடியாகப் பார்த்ததில்லை.

எங்கள் குடியிருப்பில் மாடிப்படியும் மொட்டைமாடியும் பெருக்குகிற அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். முன்பு எங்கள் தெருவுக்குப் பின்னால் ஆற்றங்கரையில்தான் குடியிருந்தார். குடிசைகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து பஸ் மாறி மாறித் தினமும் இங்கே வேலைக்கு வருவார். அவருடைய ஒரே பெண் பட்டினப்பாக்கத்தில் ஒரு மீனவர் வீட்டுப் பையனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்தாள். மாமியாருக்கு அந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. "எம் புள்ளைக்கு ஏதோ மருந்து வெச்சி மயக்கிட்டாங்கனு இன்னும் சொல்லிகினு கீது யக்கா அந்தப் பொம்பள" என்று படியைத் துடைத்தபடி ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். பெண் இப்போது மாசமாக இருந்தாள். வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சி குடிக்கவே கண்ணீர் விடுகிறாள் என்று அந்த வாரம் முழுக்க இதே புலம்பல்தான்.

மறுநாள் சனிக்கிழமை. வெயில் தாழ்ந்ததும் நாற்றை நடலாம் என்று இருந்தார் என் கணவர். காலையில் அவர் மாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு வேலை விஷயம். ஒரு கன்சல்டன்சி ஆள் இழுத்தடித்துக்கொண்டிருந்தான், இவர் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தார். பெருக்க வந்த அந்த அம்மா, "சார், அந்தப் பக்கமும் பெருக்கிடவா?" என்று கேட்டிருக்கிறார். இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அந்தப் பக்கம் வேணாம்மா, அதெல்லாம் மருந்து ஊத்துன செடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாராம்.

அப்படித்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார். "மருந்துச் செடின்னுதான் சார் சொன்னாரு" என்று அந்த அம்மாவும் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார். நான் அங்கே இல்லை. இரண்டு பேர் சொல்வதையும் இத்தனை தடவை கேட்டுக் கேட்டு, இப்போது இரண்டு குரலும் எனக்கு நேரில் கேட்டதுபோலவே இருக்கிறது.

மருந்துச் செடிகள் இருக்கிற மூலையை அந்த அம்மா பார்த்திருக்கிறார். அங்கே மணத்தக்காளி. வாய்ப்புண்ணுக்கு அதைவிட நல்லது எது? மாடியில் முளைக்கிற கீரையோ கறிவேப்பிலையோ அவர் கிள்ளிக்கொள்வது எங்கள் குடியிருப்பில் எப்போதும் உள்ள வழக்கம். கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பெண்ணைப் பார்க்கப் போய்விட்டார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் கணவர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். நான் சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"மூலைத் தொட்டியில இருந்த களையை யாரு கிள்ளினது?"

"அது களை இல்லை, மணத்தக்காளி. பெருக்க வந்த அம்மாதான் கிள்ளியிருப்பாங்க. அவங்க பொண்ணுக்கு வாய்ப்புண்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அதுலதான் மீந்த மருந்தை ஊத்தினேன்."

நான் புளிக்கையோடு அப்படியே போனை எடுத்தேன். அந்த அம்மாவின் போன் அணைந்திருந்தது. திரும்பப் போட்டேன், திரும்பவும் அணைந்திருந்தது. தரைத்தளத்து வீட்டில் போய்க் கேட்டேன். கையில் பையோடு எப்போதோ கிளம்பிப் போனார், பட்டினப்பாக்கம் போவதாகச் சொன்னார் என்றார்கள். "கழுவிட்டா போயிடும்ல?" என்று படியேறும்போது கேட்டேன். "போகாது" என்றார். "அது மேல ஒட்டறது இல்ல. உள்ள போறது." அதற்காகத்தானே அதை வாங்கினோம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றியிருக்கும்.

ஸ்கூட்டரில் கிளம்பினோம். பாட்டிலை ஒரு கவரில் சுற்றி நான் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பாலத்தைத் தாண்டியதும் சிக்னல். நந்தனத்தில் சிக்னல். மந்தைவெளிப் பக்கம் மெட்ரோவுக்காகச் சாலையைத் தடுப்பு வைத்து அடைத்து, ஒரே ஒரு வண்டி போகிற அகலத்துக்கு விட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி. அதன் வாலிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. நான் நிமிடத்துக்கு ஒருமுறை அந்த அம்மாவின் நம்பரைப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே பெண்குரல், அதே பதில். என் கணவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரர், "இன்னா சார், ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார்.

பட்டினப்பாக்கத்தில் இறங்கிய பிறகுதான் வீடு எங்கே என்று தெரியாது என்பதே உறைத்தது. இத்தனை வருஷமாக அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார், நாங்கள் ஒருநாளும் அவர் பக்கம் போனதில்லை. மீன் கடைகளில் போய் நின்றேன். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"மாசமா இருக்கற பொண்ணும்மா. அவங்க அம்மா கோட்டூர்புரத்துல வேலை செய்யறாங்க. பெரும்பாக்கத்துலேர்ந்து வருவாங்க."

"பெரும்பாக்கத்துக்காரி பொண்ணா? அது வூடு எங்க நைனா?" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கத்தினார். அவர் கத்தியாலேயே வழி காட்டினார். "அந்தப் பச்ச பில்டிங், முதல் மாடி. மாமியாக்காரி கீழ குந்திகினு கீது பாரு."

மாமியார் படிக்குக் கீழே உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நாங்கள் அவரைத் தாண்டி மேலே ஓடினோம். அவரும் "யாரு, யாரு" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தார்.

கதவு திறந்திருந்தது. தரையில் பெண் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு. தட்டில் சோறும், பச்சைப் பசேலென்று கடைந்த கீரையும். அவள் அம்மா எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே மருமகன் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான், கடலுக்குப் போய்விட்டுக் காலையில்தான் வந்திருக்கிறான்.

நான் மூச்சு வாங்க, "சாப்பிடாதே, சாப்பிடாதே, அந்தக் கீரையில மருந்து இருக்கு" என்றேன்.

அந்த வார்த்தை அந்த வீட்டில் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. எனக்குப் பின்னால் வாசலில் நின்ற மாமியார் ஓங்கிக் கத்தினார்.

"பாத்தியாடா! நான் அன்னிக்கே சொன்னேன்ல? இன்னா மே, மறுபடியும் மருந்து வெச்சிட்டியா? இப்ப யாருக்கு மே? எனக்கா, எம் புள்ளைக்கா?"

"ஐயோ, நான் ஒண்ணும் வெக்கல" என்று பெண்ணின் அம்மா எழுந்துவிட்டார். "சார்தான் மருந்துச் செடினு சொன்னாரு. வாய்ப்புண்ணுக்கு நல்லதுன்னு கிள்ளியாந்தேன். யக்கா, சொல்லு யக்கா."

என் கணவர் என் பையிலிருந்து பாட்டிலை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினார். "யாரும் எதுவும் வைக்கலைம்மா. இது செடிக்குப் போடறது. பூச்சிமருந்து."

அதைவிட மோசமாக ஒரு வார்த்தை இருந்திருக்க முடியாது. பூச்சிமருந்து என்றால் ஜனங்கள் கேள்விப்பட்டது ஒன்றே ஒன்றுதான், அதைக் குடித்துச் செத்துப்போனவர்களின் கதை. மாமியார் மார்பில் அறைந்துகொண்டு கூரை பிளக்கிற மாதிரி அலறினார். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. மருமகன் எழுந்து வந்து, யாரை அடிப்பது என்று தெரியாமல் கையை ஓங்கியபடி நடுவில் நின்றான். அவனும் அந்தக் கீரையைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்திருந்தான். யாரோ உப்புத்தண்ணீர் கொடுங்கள் என்றார்கள். யாரோ வேண்டாம் என்றார்கள்.

அந்தக் கூச்சலில் அந்தப் பெண் மட்டும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "ரெண்டு மூணு வாய்தான் துன்னேன் யக்கா. எரிஞ்சிச்சு, வெச்சிட்டேன். புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "டாக்டர்கிட்ட போலாம் வா" என்று மட்டும் சொன்னேன்.

ஆட்டோவில் அவளும், அவள் அம்மாவும், நானும் ஏறினோம். மாமியாரும் ஏறினார். கையில் மிச்சமிருந்த கீரைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "இத்த டாக்டர்கிட்ட காட்டணும்" என்றார். அந்தச் சட்டி வழிநெடுக அவர் மடியில் ஆடிக்கொண்டே வந்தது. அவரும் சம்பந்தியும் தொடை உரச உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் கணவரின் ஸ்கூட்டரில் மருமகன் பின்னால் வந்தான்.

பக்கத்து கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா லேபிளைப் படித்தார். எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு கலந்தது, எப்போது ஊற்றியது, எப்போது சாப்பிட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் கணவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார். சட்டியைத் திறந்து பார்த்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்குப் போட்டார் டாக்டர். அந்தச் சட்டியைக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்று சொன்னார். மாமியார் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன்.

"ரொம்ப ரொம்பக் குறைஞ்ச அளவுதான் உள்ள போயிருக்கும். ஆனா வயித்துல குழந்தை இருக்கு. நான் இங்க வெச்சுக்க மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, அங்க வெச்சுப் பாக்கட்டும்."

பெரிய ஆஸ்பத்திரியில் அவளையும் அவள் புருஷனையும் தனித்தனியாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றோம். பெஞ்சின் ஒரு முனையில் பெண்ணின் அம்மா, மறுமுனையில் மாமியார். நடுவில் நான். என் கணவர் உட்காரவே இல்லை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் மொபைலை எடுத்து லேபிள் படத்தைப் பெரிதாக்கி, அதில் இதுவரை பார்க்காத ஏதாவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடினார். உள்ளே அந்தப் பெண் வாந்தி எடுத்தாள் என்று நர்ஸ் வந்து சொன்னார். மாசமாக இருப்பதால் வந்த வாந்தியா, இதனால் வந்த வாந்தியா என்று கேட்டேன். பார்க்கிறோம் என்றார். வாந்தியில் அப்படி எழுதியா ஒட்டியிருக்கும் என்று எனக்கே என் கேள்வி அசட்டுத்தனமாகப் பட்டது. இருந்தாலும் அடுத்து வந்த நர்ஸிடமும் அதையே கேட்டேன்.

எனக்கு அந்த மதியத்தில் அந்தக் குழந்தை வேண்டியிருந்தது. என் சொந்தக் குழந்தைக்காகக்கூட அப்படிப் பதறியதாக ஞாபகமில்லை. அந்தப் பெண்ணின் பேர்கூட எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும்போது.

கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்தார். பூச்சிமருந்து என்று வந்தால் சொல்லி அனுப்புவது ஆஸ்பத்திரி வழக்கமாம். அவர் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வயதில் பெரியவராகத் தெரிந்த மாமியாரிடம் போய் நின்றார்.

"யாரும்மா கொடுத்தது?"

பெண்ணின் அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. நகம் பதிந்தது. என் கணவரின் நடை நின்றது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தெருவே கேட்க இந்தக் கேள்விக்கு சம்பந்தியைக் கைகாட்டி அலறியவர் அந்த மாமியார்.

அவர் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"யாரும் குடுக்கல சார். இவுங்க வூட்டு மாடில செடிக்கு ஊத்தினது. இது தெரியாம கிள்ளியாந்து ஆக்கிப் போட்டுச்சு, பொண்ணுக்கு வாய்ப்புண்ணு. அவ்ளோதான்."

"குடும்பத்துல சண்டை கிண்டை எதுனா?"

"எந்த வூட்ல சார் சண்ட இல்ல? அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல."

போலீஸ்காரர் என் கணவரிடம் நிறையக் கேட்டார், எழுதிக்கொண்டார், பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் போன பிறகு பெண்ணின் அம்மா எழுந்து மாமியாரிடம் போய், கையைப் பிடிக்கப் பார்த்தார். மாமியார் கையை உதறினார்.

"உன்ன காப்பாத்தறதுக்குச் சொன்னேன்னு நெனச்சிக்காத. என் வூட்டுப் புள்ள போலீஸ் கேஸ்ல பொறக்கக்கூடாது. அதுக்கு சொன்னேன்."

சொல்லிவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பெண்ணின் அம்மா உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஸ்கேன் செய்து குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். மருமகனுக்கு லேசான தலைச்சுற்றல் இருந்தது, அதுவும் தூங்காததால் இருக்கலாம் என்றார்கள். இருவரையும் மறுநாள் அனுப்பிவிட்டார்கள். போகும்போது, எதற்கும் பிரசவம்வரை ஒவ்வொரு தடவையும் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அந்த 'எதற்கும்' என்னை அடுத்த வாரங்கள் முழுக்கப் பிடித்து ஆட்டியது. வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன், பாதி வாக்கியத்தில் சாக்பீஸ் நின்றுவிடும். பிள்ளைகள் "மிஸ்" என்பார்கள்.

மொட்டைமாடியில் நாற்றுத் தட்டுகள் இரண்டு நாள் வெயிலில் அப்படியே கிடந்தன. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பாதிக்கு மேல் தலைசாய்ந்துவிட்டன. அவற்றைத் தூக்கி எறியவும் என் கணவருக்கு வழி தெரியவில்லை. மண்ணோடு குப்பையில் போட்டால் மாடு தின்னும், கீழே போட்டால் மழை வந்து கரைக்கும். கடைசியில் பிழைத்ததையெல்லாம் பைகளில் நட்டார். மணத்தக்காளித் தொட்டியைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டினார். மாடிக் கதவில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டினார். அதில் 'மருந்து' என்ற வார்த்தையை அவர் போடவில்லை. 'விஷம், தொடாதீர்கள்' என்று எழுதினார்.

கடைக்காரர் சொன்னது அப்படியே நடந்தது. வெள்ளை ஈ வந்து உட்கார்ந்தது, இருந்த இடத்திலேயே செத்தது. ஒரு இலைகூடச் சுருளவில்லை. கத்தரிச் செடிகள் இடுப்புயரம் வளர்ந்து ஊதாப் பூ விட்டன. நான் மேலே போய்ப் பார்த்தேன். அத்தனை அழகான செடிகளை எங்கள் மாடியில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ கூசியது. கீழே இறங்கி வந்துவிட்டேன்.

பெருக்குகிற அம்மா ஒரு வாரம் வரவில்லை. பிறகு வந்தார். படியை மட்டும் பெருக்கினார். "மாடிய வேற யாருக்காவது குடுத்துடு யக்கா. நான் ஏற மாட்டேன்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. என் கணவர் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போய் நின்றார். அந்த அம்மா துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே, "நீ சரியா சொல்லியிருந்தா நான் சரியா கேட்டிருப்பேன் சார்" என்றார். அவர், "நான் சரியாத்தான் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் அந்த மன்னிப்பு. இரண்டு பேரும் கோபமாகத் திரும்பிப் போனார்கள். மறுநாள் அவர் அந்த அம்மாவுக்குக் காபி போட்டுக் கொண்டுபோய்ப் படியில் வைத்தார், அந்த அம்மா குடித்தார்.

கத்தரி காய்த்தது. பறித்துக் கூடையில் வைத்தால் யாரும் தொடவில்லை. குடியிருப்பில் யாருக்கும் கொடுக்கவும் வாய் வரவில்லை. என் கணவர் கூகுளில் பார்த்தார், கடைக்காரரைக் கேட்டார், வேளாண்மை படித்த ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டார். இத்தனை நாளுக்கு அப்புறம் பயமில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒரு மதியம் அவரே வதக்கித் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் அடுத்த கூடையும் வாடித்தான் போயிற்று. அந்தச் செடிகளை எடுத்துவிட்டு, அடுத்த முறை தட்டுகளுக்குமேல் நெருக்கமான நைலான் வலையால் கூடாரம் போட்டார். அதற்குள்ளும் ஈக்கள் எப்படியோ நுழைகின்றன. சில செடி பிழைக்கிறது, சில செடி சுருண்டு போகிறது.

மாதங்கள் கழித்து ஒருநாள், நான் மூன்றாம் பீரியடில் இருந்தபோது போன் அதிர்ந்தது. வகுப்பில் போனை எடுக்கக்கூடாது. வெளியே ஓடினேன்.

"யக்கா, பொண்ணு பொறந்துகீது."

"குழந்தை நல்லா இருக்கா? அழுதாளா? விரல் எல்லாம் பார்த்தீங்களா?"

"எல்லாம் கீது யக்கா. அழுதுகினே கீது. ஆஸ்பத்திரியே அலறுது." அவர் சிரித்தார். பிறகு போனிலேயே அழுதார். நான் வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் போனோம். இந்தத் தடவை வழி கேட்கவில்லை. பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா பெரும்பாக்கத்திலிருந்து வந்து அங்கேயே தங்கியிருந்தார், அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மாமியார் குழந்தையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சம்பந்திகள் பேசிக்கொள்கிறார்களா என்று நான் கவனித்தேன். "அந்தத் துணிய எடு" என்றார் மாமியார். பெண்ணின் அம்மா எடுத்துக் கொடுத்தார். அந்த அளவுக்குப் பேச்சு இருந்தது.

நான் குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன்.

"கைய கழுவிக்கினு தூக்கு" என்றார் மாமியார்.

வாசலில் குடத்தில் தண்ணீரும் ஒரு சோப்பும் இருந்தன. நான் கழுவிக்கொண்டு வந்தேன். எனக்குப் பின்னால் என் கணவர் போனார். வெகு நேரம் ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தேன். விரலிடுக்கு, நகக்கண் என்று முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றினார், மறுபடி சோப்பை எடுத்தார். மாமியார் உள்ளேயிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"போதும் சார், தண்ணி தீந்துபூடும். உள்ள வா."